மலையக நூலகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

இலங்கையில் ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். வாசிப்பு மாதம் வந்தால் நூலக மலர். மலையகத்து உள்ளூராட்சி சபைகள் வெளியிடும் மலர்களைப் புரட்டிப் பாருங்கள். தவிசாளரில் தொடங்கும் வாழ்த்துச் செய்திகள் பத்துப் பக்கம் ஓடும், வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த அரைப் பக்கமும் வாசலில் உள்ள நினைவுக்கல்லைப் பார்த்து எழுதியதாகவே இருக்கும். கல்லில் இருப்பது கட்டடம் திறக்கப்பட்ட திகதி மட்டுமே. நூலகம் அதற்குப் பல வருடங்கள் முன்பே சந்தைக் கட்டடத்தின் மாடியிலோ, சபைக் கந்தோரின் விறாந்தையிலோ நடந்திருக்கலாம்.

உங்கள் நகர சபை அல்லது பிரதேச சபையின் கீழுள்ள நூலகங்களின் வரலாற்றை ஒழுங்காக எழுத இரண்டு மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவருக்குச் சிங்களக் கையெழுத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரிய வேண்டும். இது இல்லாமல் தொடங்காதீர்கள். 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு சபை ஆவணங்கள் படிப்படியாக ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மாறின. தமிழ் மட்டும் தெரிந்தவர் எழுதும் வரலாற்றில் 1960களும் 70களும் வெற்றிடமாகிவிடும்.

முதல் வேலை: யார் கையில் எப்போது இருந்தது

புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் உடைமை வரிசையை எழுதுங்கள். இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து. மன்றத்தின் பெயரும் எல்லையும் மாறும்போதெல்லாம் நூலகத்தின் பதிவேடு, முத்திரை, சம்பளப் பட்டியல் எல்லாமே மாறியிருக்கும்.

சிறு பட்டினங்களை முதலில் சுகாதார சபைகள் பார்த்தன. 1946ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தால் பட்டின சபைகள் வந்தன. கிராமங்களுக்குக் கிராம சபைகள் இருந்தன. 1981இல் பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் சொத்துகள் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்குப் போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் 1988இல் நடைமுறைக்கு வந்தபோது அவை மறுபடி கைமாறின. நகர சபைகளும் மாநகர சபைகளும் இந்தக் குலுக்கலில் தப்பியவை. அதனால்தான் ஹட்டன் - டிக்கோயா போன்ற நகர சபைகளின் ஆவணத் தொடர்ச்சியைப் பிரதேச சபைகளில் எதிர்பார்க்க முடியாது.

நுவரெலியா மாவட்டத்துக்கு இன்னொரு முறிவும் உண்டு. நுவரெலியா, அம்பகமுவ என இரண்டாக இருந்த பிரதேச சபைகள் 2018 தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை அப்போது வந்த புதிய சபைகள். மஸ்கெலியாவில் ஒரு நூலகத்தின் 2010ஆம் ஆண்டுக் கணக்கைத் தேடுபவர் மஸ்கெலியா சபையில் கேட்டால் கைவிரிப்பார்கள். அதை அம்பகமுவ சபையிடம்தான் கேட்க வேண்டும். மஸ்கெலியா பற்றி மேலும் ஒன்று: பழைய பட்டினம் 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அதற்கு முந்திய ஆவணம் ஒன்றில் 'மஸ்கெலியா கடைவீதி' என்று இருந்தால் இன்றைய வீதியில் அந்தக் கட்டடத்தைத் தேடக்கூடாது.

சேர்க்கைப் பதிவேடு

நூலகத்தின் உண்மையான வரலாறு இந்தத் தடித்த கொப்பியில்தான் இருக்கிறது. வந்த ஒவ்வொரு நூலும் வந்த திகதி, தொடர் இலக்கம், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை, வந்த வழி, பகுப்பிலக்கம், குறிப்பு என்று ஒரே வரியில் ஏறியிருக்கும். விழாப் பேச்சில் பொய் சொல்லலாம். வருடாந்த இருப்புக் கணக்கெடுப்புக்கும் கணக்காய்வுக்கும் போகும் பதிவேட்டில் அது எளிதல்ல.

முதலில் எல்லாத் தொகுதிகளையும் வெளியே எடுத்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றின் முதல் இலக்கம், கடைசி இலக்கம், முதல் திகதி, கடைசித் திகதி ஆகிய நான்கையும் குறியுங்கள். இடைவெளிகள் உடனே கண்ணில் படும். 4,000இல் முடியும் தொகுதிக்குப் பிறகு 1இல் தொடங்கும் தொகுதி வந்தால் நூலகம் புதிதாகப் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் சபை கைமாறியபோது பழைய இலக்கத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள். 1981க்கும் 1991க்கும் இடையில் இப்படி நடந்திருக்க இடமுண்டு. பிரதேச சபைகளுக்கான முதல் தேர்தலே 1991இல்தான் நடந்தது.

அடுத்து, ஒவ்வொரு வருடமும் டிசெம்பர் மாதத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்து ஒரு நிரலில் எழுதுங்கள். உதாரணத்துக்கு 1969 முடிவில் 2,140, 1970 முடிவில் 2,395 என்றால் அந்த வருடம் வந்தவை 255. இந்த ஒரு நிரலே நூலகம் எப்போது வளர்ந்தது, எப்போது பட்டினி கிடந்தது என்று காட்டிவிடும். ஆனால் இது வந்த நூல்களின் கணக்கு. அலுமாரியில் இருந்த நூல்களின் எண்ணிக்கையாக இதைக் காட்டினால் தவறு. கழிக்கப்பட்டவை, தொலைந்தவை குறிப்பு நிரலில் சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

மொழி விகிதம் பார்க்க எல்லா வரிகளையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. 10,000 நூல் உள்ள பதிவேட்டில் ஒவ்வொரு 20ஆவது வரியையும் எடுத்தால் 500 வரி வரும், அது போதும். 1 முதல் 20 வரை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுங்கள். 7 வந்தால் 7, 27, 47 என்று போங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்தால் இரண்டு மூன்று நாள் வேலை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று பிரித்து, பத்து வருடத்துக்கு ஒரு தொகுப்பாகக் காட்டுங்கள். வாசகரில் பெரும்பான்மை தமிழர், நூல்களில் பெரும்பான்மை வேறு மொழி என்று வந்தால் அதை மழுப்பாமல் எழுதுங்கள். மலையக நூலக வரலாற்றில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

'வந்த வழி' நிரலைத் தவறவிடாதீர்கள். கொள்வனவு எவ்வளவு, அன்பளிப்பு எவ்வளவு? அன்பளிப்பாகவே வளர்ந்த நூலகத்தில் யாரோ கழித்துவிட்டவையே அதிகம் இருக்கும். 1970களின் முற்பகுதியில் இந்தியத் தமிழ்ச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உங்கள் பதிவேட்டில் சென்னைப் பதிப்பகங்கள் அந்த வருடங்களில் குறைந்து 1977க்குப் பிறகு மறுபடி கூடுகின்றனவா என்று பாருங்கள். கூடியிருந்தால் ஒரு பந்திக்கு விடயம் கிடைத்தது.

பதிவேடு இல்லாத இடத்தில்

பதிவேடு நனைந்தோ எரிந்தோ போயிருக்கலாம். 1983 ஜூலையில் பல மலையகப் பட்டினங்களில் கடைகளோடு கட்டடங்களும் எரிந்தன. அப்போது புத்தகங்களையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். உசாத்துணைப் பகுதியின் அடித்தட்டிலும், யாரும் இரவல் எடுக்காத கனத்த தொகுதிகளிலும் பழைய நூல்கள் தப்பியிருக்கும். தலைப்புப் பக்கத்தையும், முத்திரை குத்தும் வழக்கமான உட்பக்கத்தையும் பாருங்கள்.

பட்டின சபை முத்திரை என்றால் 1946க்கும் 1981க்கும் இடைப்பட்டது. மாவட்ட அபிவிருத்திச் சபை முத்திரை என்றால் 1981 முதல் 1987 வரை. பிரதேச சபை என்றால் 1988இலிருந்து. இதில் ஒரு பொறி உண்டு. புதிய ரப்பர் முத்திரை வரும்வரை பழையதையே குத்திக்கொண்டிருப்பார்கள், சில இடங்களில் வருடக்கணக்காக. ஆகவே புதிய சபையின் முத்திரை 'இதற்கு முன் இல்லை' என்பதை நிச்சயமாகச் சொல்லும். பழைய சபையின் முத்திரை 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்லாது. ஒரே பக்கத்தில் இரண்டு முத்திரை, ஒரு சேர்க்கை இலக்கம் அடிக்கப்பட்டு இன்னொன்று எழுதப்பட்டிருந்தால் அது கைமாறிய நூல். அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள், உங்கள் நூலில் அச்சிடத் தகுந்த படம் அது.

விலையும் பேசும். இந்தியப் பதிப்பில் விலை அணாவில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1957க்கு முன் அச்சானது, ஏனெனில் அந்த வருடம் இந்தியா நயா பைசாவுக்கு மாறியது. திகதி இல்லாத ஆங்கிலக் கடிதத் தலைப்பில் 'சிலோன்' என்று இருந்தால் அது பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது. தமிழ்க் கடிதத்துக்கு இந்த உத்தி உதவாது. தமிழில் அன்றும் இன்றும் இலங்கைதான்.

தோட்டத்து வாசிகசாலை வேறு ஏட்டில்

சபை ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினால் தோட்டமே இல்லாத மலையக வரலாறு கிடைக்கும். காரணம் சட்டம். 1937இல் கிராமச் சமூகச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் கிராமத் தேர்தல்களிலிருந்து விலக்கப்பட்டனர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மிச்சத்தையும் பறித்தது. வாக்குரிமை திரும்பி வந்த பிறகும், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை சபை நூலகம் பட்டினத்தில். தோட்டத்தில் இருந்தது சங்கமோ, இளைஞர் மன்றமோ, கோயில் கமிட்டியோ நடத்திய வாசிகசாலை. வேட்பாளர் வாக்குக் கேட்டு வருவார், சபையின் புத்தகம் மட்டும் தோட்டத்துக்குள் வராது.

அந்த வாசிகசாலைகளுக்குச் சேர்க்கைப் பதிவேடு இருக்காது. வேறு தடயங்கள் இருக்கும். தொழிற்சங்கங்களின் மாவட்டக் காரியாலயங்களில் தோட்டக் கமிட்டிகளின் கடிதக் கோவைகள் கிடைக்கலாம். தோட்டக் கந்தோரில் பழைய செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் பதியும் ஏடு) இருந்தால் சங்கச் சந்தா, கோயில் பணம் போன்ற பிடித்தங்கள் எழுதிய நிரலைப் பாருங்கள். வாசிகசாலைக்கு என்று ஏதும் பிடித்தார்களா? கிளாக்கர்மாரிடம் மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி இல்லாமல் அவர்கள் எதையும் காட்ட முடியாது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனவை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடதாசி கொளுத்தப்பட்டிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

பத்திரிகைகள் அடுத்த வழி. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. தோட்டப் பகுதிச் செய்திகளில் வாசிகசாலைத் திறப்பும் ஆண்டு விழாவும் சிறு துணுக்காக வந்திருக்கும். எல்லா இதழையும் புரட்டப் போனால் ஆயுள் போதாது. வேறு சான்றிலிருந்து ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மூன்று மாதம் முன்னும் பின்னும் மட்டும் தேடுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

'வாசிகசாலை எந்த வருஷம் தொடங்கினது?' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பெரியவர் உங்கள் மனம் கோணாதபடி ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார், அது அச்சேறி உண்மையாகிவிடும். 'சாவி யாரிடம் இருந்தது? பேப்பர் எந்த பஸ்ஸில் வந்தது? காசு யார் கட்டினது? சத்தமாக வாசித்துக் காட்டினது யார்? பொம்பளைகள் உள்ளே வந்தார்களா, வாசலில் நின்றார்களா?' என்று கேளுங்கள். காலத்தை நிகழ்ச்சியோடு கோர்த்துப் பிடியுங்கள்: பஞ்சம் வந்த 1973, 74க்கு முன்னா பின்னா? தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது அந்தக் காம்பரா (அறை) இருந்ததா? அண்ணன் கப்பலேறினபோது வாசிகசாலை நடந்ததா?

கப்பலேறியவர்களையும் விட்டுவிடாதீர்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னார் வழியாகப் போன பல குடும்பங்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கின்றன. 1950களில் வாசிகசாலை நடத்திய இளைஞர்களில் பலர் அங்கேதான் முதியவர்களானார்கள். உறவுக்காரர் மூலமாகத் தொலைபேசியில் பிடிக்கலாம். முதல் அழைப்பில் பதிவு செய்யாதீர்கள். அறிமுகம் மட்டும் போதும்.

பேட்டிக்கு ஒரு மணித்தியாலம் அளவானது. தொழிலாளரானால் கொழுந்து நிறுத்து வீடு வந்து, முகம் கழுவித் தேத்தண்ணி குடித்த பிறகு போங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரத்தில் செய்த பதிவு எதற்கும் உதவாது; ஜூன், ஜூலை மாதங்களில் இதற்காகவே வேலையில்லாத, மழையில்லாத ஒரு நாளுக்கு மாற்ற வேண்டிவரும். இருவர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னதை 'இன்னார் நினைவுப்படி' என்று எழுதுங்கள்.

சபையும் சுவடிகளும்

சபைக் கூட்ட அறிக்கைகளை முழுதாக வாசிக்க வேண்டாம். வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தையும், நூலகக் குழு நியமிக்கப்பட்ட கூட்டத்தையும் பிடியுங்கள். ஒதுக்கிய தொகையையும் செலவான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புத்தகத்துக்கு ஒதுக்கியது ஆண்டு முடிவில் வேறு செலவுக்கு மாற்றப்பட்டதா என்பது அங்கேதான் தெரியும்.

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. 'நூலகம் பற்றிய எல்லா ஆவணமும்' என்று கேட்டால் 'அப்படி ஒன்றுமில்லை' என்று பதில் வரும். 'இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை நூலகச் செலவுத் தலைப்பின் கீழ் ஒதுக்கிய, செலவான தொகை' என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம் மட்டும் கேளுங்கள்.

பழைய காலத்துக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கோவைகளும் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும் பத்திரிகைத் தொகுப்புகளும் அங்கே. போவதற்கு முன் தொலைபேசியில் பேசி, படமெடுக்க அனுமதி உண்டா, கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள். கொழும்புக்கு வண்டி ஏறுமுன் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். 2005இலிருந்து சேர்த்த மலர்களும் சஞ்சிகைகளும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன, மலையகத்து மலர்கள் உட்பட.

ஈரமான ஏடுகள்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் அலுமாரியில் பின்வரிசைப் பதிவேடுகள் பூஞ்சணம் பிடித்திருக்கும். சுவர் ஈரத்தை உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கிறது, மரம் கடதாசிக்குக் கொடுக்கிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பூஞ்சணம் பிடித்ததை வாய்மூடி போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியே, மெல்லிய பெயின்ற் தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தூரிகை போட்டால் பூஞ்சணம் தாளோடு அப்பிக்கொள்ளும். முதலில் பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் நெளிந்து மை வெளிறும். கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

படமெடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். சன்னலுக்குப் பக்கவாட்டில் மேசை, தாளுக்கு நேர்மேலே போன், ஒவ்வொரு தொகுதியின் முதல் படத்திலும் ஓர் அடிமட்டமும் தொகுதி இலக்கம் எழுதிய துண்டும் இருக்கட்டும். கோப்புப் பெயரில் நூலகம், தொகுதி, பக்கம் என்று இந்த வரிசையில் வையுங்கள். இல்லாவிட்டால் 2,000 படங்களுக்குள் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரவல் பதிவேட்டைப் படமெடுத்தாலும் அதிலுள்ள வாசகர் பெயர், முகவரிகளை வெளியிடாதீர்கள். எத்தனை பேர், எந்தத் தோட்டப் பிரிவுகள் என்ற எண்ணிக்கை போதும்.

எழுதி முடித்து

சபையின் பெயர் மாறிய வருடங்களை அத்தியாயப் பிரிவாக வையுங்கள், தவிசாளர்களின் பதவிக்காலத்தை வேண்டாம். ஒவ்வொரு கூற்றுக்கும் அருகிலேயே எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று இருக்கட்டும். கணினியில் யுனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கேட்டால் மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் மூலக் கோப்பு யுனிகோட்டிலேயே உங்களிடம் இருக்க வேண்டும். பாமினியில் மட்டும் இருக்கும் நூலை நாளைக்கு யாரும் தேடிப் பிடிக்க முடியாது. தேசிய நூலகத்தில் சர்வதேசத் தராதர நூல் எண் (ISBN) பெற்றுக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட பிறகு ஒரு பிரதியைப் பக்கங்களுக்கிடையே வெற்றுத் தாள்கள் வைத்துக் கட்டி நூலக மேசையில் வையுங்கள், கயிற்றில் கட்டிய பென்சிலோடு. திருத்தம் சொல்ல வருபவர்கள் அதில் எழுதட்டும். சொன்னவர் பெயரும் திகதியும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பிரதியையும் படக்கோப்புகள் அடங்கிய வன்தட்டின் இரண்டு நகல்களையும் வெவ்வேறு கட்டடங்களில் பூட்டி வையுங்கள். நகல்களில் ஒன்று நூலகத்தில், மற்றது மலைக்குக் கீழே ஈரம் குறைந்த ஓர் ஊரில் இருந்தால் நல்லது.